புட்டு குரூப்

விண்ணப்பத்தில் ‘ஆறு’ என்று எழுதித் தொலைத்துவிட்டாள் ஜெனிஷா.

‘உங்கள் குழுவில் எத்தனை பேர்?’ என்று கேட்டிருந்தார்கள். ஒண்டி ஆள் என்று எழுதினால் யார் எடுப்பார்கள்? ஆட்டோமொபைல் டிப்ளமோ இரண்டாம் வருஷம். வகுப்பில் நாற்பது பையன்கள், இவள் ஒருத்தி. அவர்கள் கட்டிய ரேஸ் காரை வேடிக்கை பார்க்க மட்டும்தான் இவளை விட்டார்கள்.

சென்னைப் பக்கத்துக் கார் பந்தய டீம் ஒன்று, ரேஸ் வாசனையே படாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று மூன்று மாதப் பயிற்சி அறிவித்திருந்தது. சாப்பாடு, தங்குமிடம், கூடவே இருந்து கற்றுக்கொடுக்க ஆள், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பதில் வந்தது. ‘வியாழன் காலை பத்து மணிக்கு மரக்காணம் வருகிறோம். உங்கள் ஆறு பேரையும் சந்திக்க ஆவல்.’

“அவ்ளோதானே? நான் ஆள் கூட்டியாறேன்,” என்றாள் அம்மா மேரிசெல்வி. உப்பளத்தில் அவளோடு உப்பு வாருகிற நான்கு பெண்கள் உடனே சம்மதித்தார்கள்.

“பந்தயத்துல டயர் மாத்துற கூட்டம்மா. பேரு பிட் க்ரூ. மறக்காம சொல்லிடு,” என்று படித்துப் படித்துச் சொன்னாள் ஜெனிஷா.

வியாழக்கிழமை அந்த நால்வரில் ஜோசப்பின் என்ற அத்தை பெரிய குண்டானோடு வந்து நின்றாள்.

“என்ன அத்தை இது?”

“புட்டு குரூப்புன்னு உங்கம்மா சொன்னா. வெறுங்கையோட வர முடியுமா? கேழ்வரகு பாதி, அரிசி பாதி.”

ஜெனிஷா தலையில் கை வைத்தாள். டீம் மாதிரியாவது தெரியட்டும் என்று, தோழிகளிடம் இரவல் வாங்கிய லேப் கோட்டுகளை மாட்டிவிட்டாள். ஒவ்வொருவரின் வேலையையும் மார்க்கரால் கோட்டில் எழுதினாள்.

“ஏம்மா, என் மேல என்னா எழுதின?”

“ஜாக்கி, அத்தை.”

“அடிப்பாவி, ஜட்டி பேரா?”

அதைத் துடைக்கப் போய்க் கோட்டு முழுக்கக் கறுப்பாகும்போது, உப்பளப் பாத்திகளுக்கு நடுவே இருந்த ஈர மண் பாதையில் கார் வந்து நின்றது.

டீமிலிருந்து வந்த வினோதினி மேடம் சிரிக்கவே இல்லை. நோட்டைத் திறந்தார். “நீங்க எந்த மாதிரி இன்ஜின்ல வேலை பாப்பீங்க?”

ஜோசப்பின் அத்தை முந்திக்கொண்டாள். “விறகு அடுப்புதான் மேடம். கேஸ்ல வெச்சா வறண்டுபூடும்.”

மேடம் நோட்டை மூடினார். நீட்டிய புட்டை மரியாதைக்கு ஒரு வாய் தின்றார். “சடையப்பன், கிளம்பலாம்.”

டிரைவர் சடையப்பன் பின்சக்கரத்தருகே தலையைச் சொறிந்தார். “மேடம், டயர் உக்காந்துடுச்சு.”

“ஸ்டெப்னி இருக்காண்ணே?” என்று ஜெனிஷா ஓடினாள். ஜாக்கியை வைத்து ஏற்றினால், கார் ஏறவில்லை. ஜாக்கிதான் சேற்றில் இறங்கியது.

“அம்மா, பலகை!”

உப்பு வாருகிற பலகை அடியில் போனது. பட்டென்று உடைந்தது. கேட்காமலே இன்னும் இரண்டு வந்தன. நட்டு அசையாததால் ஸ்பேனர்மேல் ஜெனிஷா ஏறி நின்றாள். அவள் விழாமல் அம்மா பிடித்துக்கொண்டாள். ஒருத்தி சக்கரத்தை உருவ, ஒருத்தி உருட்டிவர, ஒருத்தி நட்டுகளை முந்தானையில் ஏந்திக்கொண்டாள். ஜோசப்பின் அத்தை ஏலேலோ போட்டாள். கோட்டுகளெல்லாம் சேற்று நிறமாயின. வேலை முடிந்தது.

மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிஷாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“மேடம், ஆறு பேர்னு எழுதினது பொய். இவங்க எங்கம்மா கூட உப்பு வார்றவங்க. எனக்காக வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க. என்னை எடுக்கலன்னாலும் பரவால்ல, இவங்களத் தப்பா நினைச்சுக்காதீங்க.”

“பொய்யா? நான் எண்ணிப் பாத்தேனே, ஆறு பேர்தான் இருந்தாங்க,” என்றார் மேடம். “ஜூன் ஒண்ணாம் தேதி வந்துடு.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெனிஷாவுக்கு யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சேற்றுக் கையோடு அத்தைமார் நால்வரையும் கட்டிக்கொண்டு அழுதாள். கார் கிளம்பும் நேரத்தில் டிரைவர் ஜன்னலுக்கும் ஓடினாள்.

“உங்களுக்கும் ரொம்ப நன்றிண்ணே. நல்ல நேரம் பாத்துப் பஞ்சராச்சு.”

சடையப்பன் குரலைத் தாழ்த்தினார். “பஞ்சரா? போற ஊர்ல எல்லாம் காத்தை இறக்கி விடறதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளமே.”