ஏரியில் நான் மூழ்கடித்த கப்பல்

“…ஒராளையாவது சாகவிடும், தம்பி. எல்லாரும் தப்பீட்டினம் எண்டா நான் நம்பமாட்டன்.”

ரொறன்ரோ நகரத்து ஏரியின் நடுவில் வைத்து ஒரு பெண்மணி என்னிடம் இப்படிச் சொன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிலர் குடித்துக் கெடுவார்கள், சிலர் சூதாடிக் கெடுவார்கள். நான் கதை சொல்லிக் கெட்டவன்.

அன்று எனக்குப் பெண் பார்க்கும் நாள். டோர்செட் பார்க் பகுதியில், முழுக்க எங்கள் ஆட்கள் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வைத்துப் பார்க்க முடியாது. எலிவேற்றரில் ஆள் ஏறுமுன்பே செய்தி மேல்மாடிக்குப் போய்விடும். சரிவராவிட்டால் பெண்ணுக்குத்தான் கெட்ட பேர். ஆகவே நகரத்துக்கு எதிரே ஏரியில் இருக்கும் தீவுக்குப் போகும் ஃபெரிப் படகில் இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பது என்று சித்தி ஏற்பாடு செய்தார். (அந்தத் தற்செயலுக்கு எல்லோரும் பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள்.)

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டுறவை,” என்றார் சித்தி. “உனக்கு வாய் மட்டும்தான் கிடக்கு. பாத்துக் கதை.”

நான் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பெண்ணின் அம்மா ஃபெரியின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெண் பக்கத்தில். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். ஒருவரும் பேசவில்லை. பேசாமலிருப்பது எனக்குப் பல்வலி மாதிரி. ஆங்கிலம் பழகுவதற்காக நூலகத்தில் எடுத்து வாசித்த ஒரு புத்தகம் ஞாபகம் வந்தது.

“அன்ரி, உந்த ஏரியில முந்தி ஒரு கப்பல் உடைஞ்சது தெரியுமே? முழுக்க மரம். ரெண்டு பக்கமும் பெரிய சில்லு. நீராவியில சுத்திச் சுத்தித் தண்ணியைத் தள்ளும்.”

புத்தகத்தில் இருந்த கதை சப்பென்றிருந்தது. புயலில் கப்பல் மணல்திட்டில் ஏறி உடைந்தது. பயணிகள் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரைக்குப் போய்விட்டார்கள். இதை வைத்து யாரை மயக்குவது? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அந்த ஆயிரத்தையும் நான் ஒரே ஏரியில் இறக்கினேன். அலையைப் பனையளவுக்கு உயர்த்தினேன். கொதிகலனை வெடிக்கவைத்தேன். பெண்கள், குழந்தைகள், ஒரு பாதிரியார், சில குதிரைகள் என்று எல்லோரையும் மூழ்கடித்தேன். குதிரைகள் போகும்போது என் குரல் எனக்கே தழுதழுத்தது.

பெண் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து என் பக்கம் சாய்ந்தாள். (பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.)

“கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நாங்கள் சண்டைக்குள்ள மன்னாரில இருந்து வள்ளத்தில தப்பி வந்தனாங்கள். வழியில வள்ளம் கவிண்டது. எல்லாரும் கரை சேரேல்லை. அதுக்குப் பிறகு அம்மா தண்ணியில வாறது இண்டைக்குத்தான்.”

கம்பியைப் பிடித்திருந்த அந்த விரல்கள் வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கல்யாணம் போனால் போகட்டும், இந்த மனுசியை எப்படிக் கரை சேர்ப்பது என்றாகிவிட்டது எனக்கு. மீட்புப் பணியைத் தொடங்கினேன்.

“ஆனா அன்ரி, பிள்ளையளை ஒரு மீன்பிடி வள்ளம் வந்து ஏத்திப்போட்டுது.”

அவர் கம்பியை விடவில்லை.

“பொம்பிளையளையும்.”

“ம்.”

“பாதிரியாருக்கு நீந்தத் தெரியும்.”

“குதிரையள்?”

“அதுகள் தானா நீந்தும், அன்ரி.”

கப்டனைப் பலகையில் ஏற்றினேன். வெடித்த கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றவர்களைக்கூடச் சிறு காயத்தோடு எடுத்துவிட்டேன். கடைசியில் தண்ணீரில் ஒருவரும் இல்லை. கப்பல் உடைந்த பிறகு நடந்ததாக நான் சொன்னவற்றில் உண்மை அது ஒன்றுதான். அதைத்தான் அவர் நம்பவில்லை. கடலில் கவிழ்ந்து வந்தவரிடம் எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொன்னால் அவர் எதை நம்புவார்? அப்போதுதான் ஒராளையாவது சாகவிடச் சொன்னார். (இன்றைக்கும் நான் எதையாவது கூட்டிச் சொன்னால் என் பிள்ளைகள் அம்மம்மாவின் இந்த வசனத்தைத்தான் எடுத்து விடுகிறார்கள்.)

அதுவரை ஆட்களைக் கொல்வது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. இப்போது ஒருவரைத் தெரிவுசெய்ய வாய் வரவில்லை.

“குசினியில சமைக்கிறவர், அன்ரி,” என்றேன் கடைசியில்.

“பிள்ளை குட்டி இருந்ததோ?”

“இல்லை. தனிக்கட்டை.”

“எண்டாலும் தாய் ஒருத்தி இருந்திருப்பா,” என்றார்.

பிறகு கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். ஃபெரி துறையில் இடித்து நின்று, கடைசி ஆளும் இறங்கும்வரை விடவில்லை.