அஞ்சடிப் பாலம்

"சுவர் இல்லாம ஒரு பாலமா? முடியவே முடியாது!" என்று பல் டாக்டர் மேசையைத் தட்டியதும் கட்டட வரைபடக்காரர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இது நாலாவது கூட்டம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கையெழுத்து விழாவிட்டால் நகராட்சி கொடுத்த அனுமதி காலாவதியாகிவிடும்.

விஷயம் இதுதான். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். நடுவில் ஒன்றுக்கும் உதவாத ஐந்தடிச் சந்து. மூன்றாம் மாடிக்காரர் எதிர் ஜன்னல்காரர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், மூன்று மாடி இறங்கி, தெருவைச் சுற்றி, மறுபடி மூன்று மாடி ஏற வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தட்டும்போது எதற்கு வந்தோம் என்பதே மறந்து போயிருக்கும்.

அந்தச் சந்துக்குக் குறுக்கே, மூன்றாம் மாடி உயரத்தில், எட்டடி அகலத்தில் ஒரு திறந்த பாலம். பிள்ளைகள் ஓடி விளையாடலாம், பெரியவர்கள் காற்று வாங்கலாம், நாலு பேர் நின்று ஊர்க்கதை பேசலாம். பதினொரு வருடமாக அடுத்தவர் கட்டடத்துக்குக் கழிப்பறை மட்டுமே வரைந்து கொடுத்த மனுஷன் சொந்தமாக யோசித்துப் போட்ட முதல் வரைபடம் அது. எந்த ஊருக்குப் போனாலும் கட்டடங்களுக்கு நடுவே மிச்சம் கிடக்கும் இடத்தை எட்டி எட்டிப் பார்ப்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சந்துபொந்தார்' என்றே பெயர். நல்ல மனிதர்தான். ஆனால் எதிரில் ஒருவர் முகம் சுளித்தால் போதும், கை தானாக ரப்பரைத் தேடும்.

வந்து மாட்டிக்கொண்ட இடமோ அப்படி. குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் இரண்டு கட்டடத்துக்கும் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கிழக்குக் கட்டடச் சங்கத்துக்குச் செயலாளர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். மேற்குக்கு, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இரண்டு பேரும் தனிக்கட்டை, அதனால் சங்க வேலைக்கு நேரம் ஏராளம். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எல்லாம் சந்துபொந்தார் வழியாகத்தான்.

"டீச்சரம்மாகிட்ட சொல்லுங்க. பாலத்துல நின்னா அவங்க ஆளுங்க எங்க வீட்டையெல்லாம் எட்டிப் பாப்பாங்க."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவங்க வீட்டுல எட்டிப் பாக்க ஒரு மண்ணும் இல்ல. ஆனா சுவர் வேணும். ரெண்டு பக்கமும், ஆள் உயரத்துக்கு."

"அப்பாடா! ஒரு விஷயத்துலயாவது ரெண்டு பேரும் ஒத்துப் போறீங்களே" என்று சந்துபொந்தார் குஷியானார். இருவரும் முறைத்த முறைப்பில் குஷி அப்படியே இறங்கிவிட்டது.

சுவர் வரைந்தார். ஐந்தாவது கூட்டம்.

"மழை பேஞ்சா வழுக்குமே" என்றார் டீச்சர். கூரை வந்தது.

கூரை வந்ததும் உள்ளே ஒரே இருட்டு. விளக்குப் போட்டார்.

"இவ்வளவு பளிச்னா? பூச்சியெல்லாம் வந்து மொய்க்கும்" என்றார் டாக்டர். விளக்கை மங்கலாக்கினார்.

"எனக்கு முழங்கால் வலி. உக்கார ஒரு பெஞ்சு வேணும்" என்றார் டீச்சர்.

"டீச்சரம்மாகிட்ட சொல்லுங்க, பெஞ்சு போட்டா அவங்க ஆளுங்களே வரிசையா வந்து இடம் பிடிச்சுப்பாங்க."

"அப்போ கட்டடத்துக்கு ஒரு இடம்னு ரெண்டே இடம். டாக்டர்கிட்ட கேளுங்க, நியாயமா இல்லையான்னு."

"நியாயம்தான்" என்று டாக்டர் சுவரிடம் சொன்னார்.

நியாயமான பெஞ்சும் வரைபடத்தில் ஏறியது. வியாழக்கிழமை கடைசிக் குண்டு விழுந்தது. திருடன் வருவானாம். இரண்டு முனையிலும் கதவு வேண்டுமாம். கதவென்றால் பூட்டு. பூட்டென்றால் சாவி.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று சந்துபொந்தார் ஈனசுரத்தில் கேட்டார்.

"செயலாளர்கிட்டதான். வேற யாரை நம்பறது?" இரண்டு வாயும் ஒன்றாகச் சொல்லின.

அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து மேலதிகாரி கூப்பிட்டார். "ஏன்யா, பாலம் வரையச் சொன்னா பீரோ வரைஞ்சு அனுப்பியிருக்கே?"

பிள்ளைகள் ஓட வேண்டிய இடத்தில் பூட்டு தொங்கப்போகிறது. தன் கையாலேயே, ஒவ்வொரு கோடாக, தன் பாலத்தை அழித்துவிட்டோமே என்று சந்துபொந்தாருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

"இதுல உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் போக முடியாது. யாருக்கும் பிரயோஜனம் இல்லாம எதுக்கு ஒரு பாலம்? நான் மறுபடி திறந்தே வரைஞ்சு..."

"ஐயையோ!" என்றார் டாக்டர்.

"வேண்டவே வேண்டாம்!" என்றார் டீச்சர்.

சந்துபொந்தார் வாயை மூடுவதற்குள் இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டன. இத்தனை நாள் ஒரு கோட்டுக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்கள் காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் கிழக்கு வாசல் வழியாகவும் டீச்சர் மேற்கு வாசல் வழியாகவும் விறுவிறுவென்று போய்விட்டார்கள். முழங்கால் வலிக்காரி அப்படி நடந்து அவர் பார்த்ததில்லை.

சந்துபொந்தார் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். கையெழுத்துக் கிடைத்தாயிற்று, வேலை பிழைத்தது. ஆனால் இதைப் பாலம் என்று வெளியே சொல்ல முடியுமா?

இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாகக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். "கையெழுத்து ஆயிடுச்சாமே சார்?"

"ஆச்சும்மா. ஆகி என்ன? ஒருத்தருக்கும் உதவாத பாலம்."

"அப்படிச் சொல்லாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! டாக்டரும் டீச்சரம்மாவும் ரெண்டு வருஷமா தினமும் அந்தச் சந்துல கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் எப்போ பெருக்கி முடிச்சுப் போவேன்னு பாத்துக்கிட்டே நிப்பாங்க, பாவம்."