பட்டியல்காரரின் பத்தாவது படம்

ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சிலருக்குப் பசி குறையும், பேச்சு குறையும், முகத்தில் ஒரு நீதிபதியின் களை வந்துவிடும். காய்ச்சலோ என்று பயப்படாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பட்டியல்காரர் இருக்கிறார். இந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த பட்டியல்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுப் பழகியவர், படங்களையும் அப்படியே இரண்டிரண்டாக நிறுத்தி ஒன்றைக் கழிப்பார். திரையரங்கே சிரிக்கும் இடத்தில் சிரிக்க மாட்டார், குறிப்பெடுப்பார். இருட்டில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன்னாலேயே படிக்க முடியாமல், பல அடுக்குகள் கொண்ட படம் என்று புகழ்வார். எல்லோரும் கொண்டாடிய படமா? "பரவாயில்ல." யாருமே பார்க்காத படமா? மூன்றாமிடம். பாதியில் அவரே தூங்கிவிட்ட படமா? அதற்குத்தான் முதலிடம். தூங்கியது படத்தின் குற்றமாக இருக்காது என்று நம்பும் அளவுக்குப் பணிவானவர்.

இத்தனை பாடும் யாருக்காக? கைபேசிக் குழுவில் இருக்கும் பதினோரு நண்பர்களுக்காக. அவர்களும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பவர்கள். அடுத்தவர் பட்டியலைக் குறை கண்டுபிடிக்க மட்டுமே திறப்பவர்கள்.

இந்த ஆண்டு பட்டியலை அனுப்பவிருந்த நேரத்தில் அவருடைய அக்கா கடைக்கு வந்தார். அவர் கண்ணாடியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டதால், பட்டியலைத் தம்பியே வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று.

பத்தையும் பொறுமையாகக் கேட்ட அக்கா, "அப்பா பார்த்த படம் எங்கடா?" என்றார்.

மாமனாரும் மருமகனும் ஒரே கட்டிலுக்குச் சண்டை போடும் கோமாளிப் படம் அது. அப்பாவின் கடைசி வாரத்தில், மருத்துவமனையில், தம்பி கைபேசியைத் தூக்கிப் பிடிக்க மூன்று பேருமாகப் பார்த்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமியதில் நர்ஸ் வந்து மூவரையும் அதட்டிவிட்டுப் போனார்.

பட்டியல்காரர் ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்காமல் விளக்கினார்: திரைக்கதை தளர்வு, ஒளிப்பதிவு தட்டை, பின்பாதி இழுவை. இதைச் சேர்த்தால் குழுவில் மானம் போய்விடும் என்பதையும் சொல்லிவைத்தார்.

"நல்ல படம்னு நான் சொல்லலடா. அன்னிக்கு நீ குறிப்பெடுத்தியா?"

"ஒரு கையில போனு. இன்னொரு கைய அப்பா பிடிச்சிட்டிருந்தாரு. எப்படிக்கா எடுக்கறது?"

அக்கா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பட்டியல் குழுவுக்குப் போனது. பத்தாவது இடத்தில் கோமாளிப் படம். உன் போனை யாராவது திருடிவிட்டார்களா என்று ஒருவர் விசாரித்தார்; மற்றவர்கள் காரணம் கேட்டு நச்சரித்தார்கள். ஒரு படத்துக்கு ஒன்பது காரணம் எழுதும் அந்த மனிதர், "நல்லா சிரிச்சோம்" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்.

நீங்கள் பட்டியல் போடுபவர் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆண்டு எந்தப் படம் பிடித்தது என்று யாராவது கேட்டால், சட்டென்று ஒன்று வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டுக் கௌரவமான இன்னொன்றைச் சொல்வீர்கள். விழுங்கினீர்களே, அதை யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள்?