பாங்குப் பரீட்சை விண்ணப்பம் திரும்பி வருகிறது

மட்டாஞ்சேரி
12.8.2004

மதிப்புக்குரிய ராமபத்ரன் அத்திம்பேருக்கு, மைத்துனன் லக்ஷ்மிநாராயணன் நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. விசாலாக்ஷியின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவும் தாங்களும் முழங்கால் உட்பட சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

விஷ்ணுப்ரியா காக்கநாட்டுக் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பாங்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபிக்கக் கூடாது. என் பெண் செய்வது என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சிப்பைச் செய்வதற்கு முன்னால் அது எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவைக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் 'மாட்யூல்' என்று தொடங்கி 'எண்ட்மாட்யூல்' என்று முடியும். நடுவில் உள்ளே வரும் கம்பி எது, வெளியே போகும் கம்பி எது என்று பெயர்கள். நாற்பதாயிரம் வரியிலிருந்து அந்தப் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். 'இப்படித் தொடங்கி இப்படி முடிவதை எடு' என்று ஒற்றை வரியில் ஒரு பேட்டர்ன் எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே எடுத்துவிடுமாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். இப்போது தற்காலிக வேலை. இந்தப் பட்டியல் சரியாக வந்தால் நிரந்தரம், வராவிட்டால் வீடு.

போன வாரம் வேலை முடிந்து படகிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாக அழுதாள். "அப்பா, நான் எழுதின பேட்டர்ன் முதல் மாட்யூல்ல ஆரம்பிச்சு கடைசி எண்ட்மாட்யூல் வரைக்கும் மொத்தத்தையும் ஒண்ணா முழுங்கிடுத்து. நடுவிலே இருநூறு முடிவு இருக்கு, ஒண்ணுலயும் நிக்கலை" என்றாள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் ஸமூஹ மடத்துப் பந்தியில் இருபது வருஷம் சாம்பார் விளம்பினவன். "ஒருத்தன் போறும்னு முதல்ல கை காட்டறச்சயே நிறுத்தணும்டீ. கடைசி இலைக்காரன் சொல்ற வரைக்கும் முதல் இலையிலயே விட்டிண்டிருப்பாளா?" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மறுநாள் பேட்டர்னில் ஒரேயொரு கேள்விக்குறி சேர்த்தாளாம், முதல் முடிவிலேயே நின்றுவிட்டதாம், இருநூற்றுப் பன்னிரண்டு மாட்யூலும் தனித்தனியாக வந்து விழுந்ததாம். மேலாளர் பிரதீஷ் மலையாளத்தில் "கொள்ளாம்" என்றாராம். அவர் அதற்குமேல் யாரையும் புகழ்ந்தது கிடையாதாம். விசாலாக்ஷி பாயசம் வைத்தாள். யோசனை என்னுடையது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஐந்தாவதாகத் தங்களிடம் சொல்கிறேன். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது, அத்திம்பேர்.

ஆகையால் பாங்கு வேண்டாம். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
லக்ஷ்மிநாராயணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விஷ்ணுப்ரியா வந்துவிட்டாள். சிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் ஞாபகத்துக்காக நடுநடுவே குறிப்பும் எழுதிவைப்பார்களாம். ஒருத்தர் பாதியில் 'எண்ட்மாட்யூல் போட மறக்காதே' என்று எழுதியிருக்கிறார். பேட்டர்ன் அதையே முடிவு என்று எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த நாற்பது கம்பியைக் காணோம். திங்கட்கிழமை வரை பிரதீஷ் டைம் கொடுத்திருக்கிறார். அவள் அழவில்லை, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே திருத்துகிறாள். "அப்பா, ஒருத்தர் பக்கத்து இலைக்காரர்கிட்ட கதை பேசறச்சே போறும்னு சொன்னாலும் நிறுத்திடுவேளா?" என்று கேட்டாள். திருப்பி அனுப்பியதாக மேலே எழுதின விண்ணப்பத்தை உறைக்குள் தேட வேண்டாம், அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கடைசித் தேதி என்ன என்று மட்டும் ஒரு கார்டு போடவும்.