வளையின் பின்வாசல்

நான் அதிகம் பேசாதவன். ஒரே ஒரு நாள், பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த நாளைப் பற்றித்தான் வீட்டில் இன்றுவரை பேச்சு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நசரத்பேட்டையில் எங்களுக்கு ஒரே ஒரு காணி. கதிர் முற்றி நின்றது. பாதியை எலி அறுத்து வளைக்குள் கொண்டுபோய்விட்டது. மீதியும் போனால் வருஷத்துக்கும் சோறு கிடையாது.

விவசாய இலாகா தொரை ஒருவர் புகை போடும் துருத்தியோடு வந்தார். நான் எலி பிடிக்கும் இருளர் வீட்டு வள்ளியம்மாவை அழைத்து வந்தேன். அவரிடம் துருத்தி, அவளிடம் மூக்கு. வளையின் வாய்களை அவள் காட்டுவாள். நான் தொரையிடம் சொல்வேன். அவர் கொடி நடுவார். ஒரு வாயில் புகை விட்டு, கொடி நட்ட மற்றதை எல்லாம் அடைக்க வேண்டும். (தொரைக்குத் தமிழ் பத்து வார்த்தை. எனக்கு இங்கிலீஷ் நாலு.)

வளைக்குள் இருக்கும் நெல், வெட்டுகிற இருளருக்கே. அது ஊர் வழக்கம்.

ஆறு கொடி நட்டாயிற்று. வள்ளியம்மா வரப்போரம் வெறும் மண்ணைக் காட்டினாள்.

"சாமி, இங்க பின்வாசல் ஒண்ணு கீது. மேல மெல்லிசா மண்ண மூடி வச்சிகீது. தொரைகிட்ட சொல்லு."

இன்னொரு கொடி நட்டால் அங்கேயும் வெட்டி இன்னும் கொஞ்சம் நெல் எடுக்கலாம் என்று இல்லாத வாசலைக் காட்டுகிறாள் என நினைத்தேன். தொரையிடம் சொல்லவில்லை.

"சொன்னியா சாமி?"

"சொல்லிட்டேன்."

அதோடு விட்டேனா? அந்த மண்மேலேயே குந்தினேன். (புத்தி!)

"ஐயோ, அங்க குந்தாத சாமி!"

"உன் வேலயப் பாரு."

தொரை துருத்தியை அமுக்கினார்.

வேட்டிக்குள் சூடாக ஒன்று ஏறியது. எலி. இன்னொன்று. அதுவும் எலி. மூன்றாவது குளிர்ச்சியாக இருந்தது. நீளமாகவும் இருந்தது. ஏறி முடிந்தபாடில்லை.

"அசையாத சாமி! சாரப்பாம்புதான், வெசமில்ல!"

அவள் சொல்லி முடிக்கும்போது நான் பெங்களூர் ரோட்டில் நின்றேன். வேட்டி வயலில் கிடந்தது. கோவணம் மிஞ்சியது. முன்னோர் செய்த புண்ணியம்.

வண்டிக்காரன் ஒருவன் மாட்டை இழுத்துப் பிடித்தான்.

"இன்னா அண்ணாத்தே, யாரு தொரத்துறா?"

எனக்கு "பா... பா..." என்றுதான் வந்தது.

திரும்பி வந்தேன். எலியெல்லாம் பக்கத்து வரப்புக்கு ஓடியிருந்தது. தொரை அந்த ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மிச்சக் கொடிகளை அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் அந்த வரப்பில் அவளே ஒன்பது கொடி நட்டாள். தொரை புகை விட்டார். ஒரு எலியும் தப்பவில்லை. மீதிக் கதிர் எங்களுக்கு நின்றது. வளை நெல்லை அவள் கூடையில் அள்ளினாள்.

போகும்போது என் வேட்டியை மடித்துக் கொடுத்தாள்.

"இதுல ரெண்டு ஓட்ட கீது சாமி. இதுக்குக் கொடி வாணாம்."

இப்போதும் பந்தியில் நான் உட்காரப் போனால் பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள்:

"தாத்தா, கொடி நட்டாச்சா?"

நான் கீழே பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.