மேனேஜருக்கு ஒரு கேட் பாஸ்

எஸ்தரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில். கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன்.

"இன்னாய்யா, கோழிய மூடினியா?" என்றாள்.

"மூடிட்டேன்."

"மேனேஜரு தள்ளியே நிக்கும். அதையும் புட்ச்சி உட்டியா?"

"உட்டுட்டேன்."

"சரி, கெளம்பு. பஸ்சு போயிடும்."

அவ்வளவுதான்.

மேனேஜர் என்பது எங்கள் சிவப்புக் கோழி. மற்ற கோழிகள் குப்பையைக் கிளறும்போது இது மட்டும் ஓரமாக நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பி, வேலை நடக்கிறதா என்று பார்க்கும். பெயர் வைத்தது எஸ்தர். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை பார்த்தே ரிட்டையர் ஆன எனக்கு, பெயர்ப் பொருத்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எஸ்தர் போன பிறகு மற்ற கோழிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். மேனேஜரை மட்டும் யாரும் வாங்கவில்லை. அது முட்டை போடுவதையே நிறுத்திவிட்டது. மேற்பார்வை மட்டும் நிற்கவில்லை. நான் பாத்திரம் கழுவினால் வாசலில் நின்று பார்க்கும்.

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மேனேஜரை ஊத்துக்கோட்டையில் எஸ்தரின் தங்கை ரூத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

ஏன் என்றால், நான் எளிமையாக வாழ ஆரம்பித்திருந்தேன். இங்கே என் பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பொருளைக் குறைத்தால் மனசு லேசாகும் என்று போன் வீடியோவில் ஒருவர் தினமும் சொல்கிறார். நானும் குறைத்தேன். ஒரு தட்டு, ஒரு நாற்காலி, மூன்று சட்டை. மூன்றில் இரண்டு கம்பெனி யூனிபாரம். கிழிய மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?

இனி கோழியையும் கொடுத்துவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறி வடக்கே சுற்றலாம். அதற்காக ஒரு புத்தகத்தை வைத்து ஹிந்திகூடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ரூத்துக்குப் போன் போட்டேன்.

"கொண்டா மாமா, கொண்டா! முட்டை போடுதா?"

"இல்ல. ஆனா நல்ல கோழி. நீ வளக்கணும்."

"வளக்கறேன் மாமா. ஞாயித்துக்கெழம வரிக்கும் நல்லா வளக்கறேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் யூனிபாரம் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேனேஜரைக் கட்டைப் பையில் உட்காரவைத்து, மேலே துண்டைப் போர்த்தி, ஹைவே ஸ்டாப்பில் நின்றேன்.

ஒரு பஸ் வந்து எதிரில் நின்றது. ஹார்ன் அடித்தது. கதவு திறந்தது.

ஏறிவிட்டேன்.

அது கம்பெனி பஸ்!

நான் வேலை பார்த்த கம்பெனியின் பஸ்கூட இல்லை. எங்கள் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிக்கு நீலச் சட்டைதான். டிரைவர் சட்டையைப் பார்த்தார், நிறுத்தினார். எங்கள் ஊரில் கம்பெனி பஸ் வந்து முன்னால் நின்று ஹார்ன் அடித்தால் கால் தானாக ஏறும், மூளையைக் கேட்காது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் தானாக மூடும். பஸ் முழுக்க எல்லாரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு நொடியும் விழிப்போடு வாழ்வது எப்படி என்று அன்று காலையில்தான் இருபது வரி எழுதியிருந்தேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள்.

"பெருசு, எறங்கு எறங்கு! பஞ்ச் வெக்கல?"

இறங்கினேன். எதிரில் முன்பின் தெரியாத ஒரு புகைபோக்கி. பின்னால் கேட். பஸ் போய்விட்டது. நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன்.

சரி, நடந்து வெளியே போய்விடலாம் என்று கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டிக்காரர் வடக்கத்தி ஆள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கற்ற வித்தையைக் காட்ட இதைவிட்டால் நேரம் ஏது? நெஞ்சை நிமிர்த்தி, நான் ஒரு பயணி என்பதை ஹிந்தியில் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு பெருசு ஹிந்தி? நான் ஒடிசா. ஹிந்தி எனக்கே பேஜாரு. தமிழ்லயே பேசு."

பேசினேன்.

"பையில இன்னா?"

"மேனேஜரு."

அவர் சட்டென்று விறைப்பாக நின்றார். துண்டை விலக்கினேன். மேனேஜர் தலையை நீட்டி, அவர் தொப்பி முதல் ஷூ வரை ஒருமுறை பார்த்தது.

"யோவ், இது கோழி!"

"ஆமா."

"உள்ள எப்டி வந்துச்சு?"

"பஸ்ல."

"என்ட்ரி போட்டியா?"

"தூங்கிகினு இருந்தேன்."

"என்ட்ரி போடாம உள்ள வந்த பொருளு வெளிய போவாது. கேட் பாஸ் வோணும்."

"அப்ப நான்?"

"நீ போ. ரூலு பொருளுக்குத்தான். கோழி இங்கியே இருக்கட்டும், கேன்டீன்காரங்க பாத்துப்பாங்க."

கேன்டீன்காரர்கள் கோழியை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அது இல்லாம நான் நவுர மாட்டேன்."

ஸ்டோர்ஸில் இருந்து சேகர் என்பவரை வரவழைத்தார்கள். சின்ன வயசு, சட்டைப் பையில் நாலு பேனா. சிரிக்கவே இல்லை.

"ஐட்டம் இன்னா?"

"கோழி. செவப்பு."

"எண்ணிக்கை?"

"ஒண்ணு."

"வெயிட்டு?"

வெயிட் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்தது லாரி எடைபோடும் மேடை ஒன்றுதான். அதன் நட்டநடுவில் மேனேஜரை விட்டோம். இரும்பு லோடு ஏறும் மேடையில் அது தனியாக நின்று நாலு பக்கமும் பார்த்தது.

"ஜீரோ காட்டுது," என்றார் சேகர். "ஜீரோ வெயிட்டுக்கு பாஸ் போட முடியாதே. நீங்களும் ஏறுங்க. அப்பறம் ஒங்கள கழிச்சிக்கலாம்."

ஏறினேன். கோழி இல்லாமல் ஒருமுறை, கோழியை மறுபடி மேடையில் விட்டு ஒருமுறை. இரண்டு தடவையும் ஒரே எடை.

பின்னால் லாரிகள் வரிசைகட்டி ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஓர் ஆந்திரா டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"நைனா! ஒரு கோழிக்கு இத்தினி பேரா? எவ்ளோ டப்பு வோணும் சொல்லு, நான் தின்னுட்டுப் போறேன்!"

"வெயிட் தோராயம்னு போட்டுக்கறேன்," என்றார் சேகர் அவசரமாக. "திரும்பி வருமா, வராதா?"

"இன்னாது?"

"கோழிதான் சார். ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா? திரும்பி வராதுன்னா பெரிய மேனேஜர் கையெழுத்து வோணும், அவரு லீவு. திரும்பி வரும்னா நானே போட்ருவேன்."

"வரும்," என்றேன். "கண்டிப்பா வரும்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீல் எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது மேடையின் நடுவில் இருந்து பெரிய சத்தம். கொக்கரக்கோ இல்லை, அந்த இன்னொரு சத்தம், ஊரையே கூட்டும் சத்தம். எல்லாரும் திரும்பினோம். மேனேஜர் ஓர் அடி தள்ளி நின்றது. பக்கத்தில் ஒரு முட்டை!

எஸ்தர் போனதில் இருந்து வீட்டில் ஒரு முட்டைகூடப் போடாத கோழி, கம்பெனிக்குள் வந்ததும் உற்பத்தியை ஆரம்பித்துவிட்டது!

லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேகர் மட்டும் பாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கை ஒண்ணுன்னு போட்டுட்டேனே."

ஒடிசாக்காரர் முட்டையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பதமாகத் தொப்பிக்குள் வைத்தார்.

"இது உள்ள செஞ்சது சார். கம்பெனி சரக்கு. வெளிய போவாது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கோழி ஒனக்கு, முட்டை எனக்கு. கெளம்பு பெருசு, நாஷ்டா டைம் ஆச்சு."

கேட்டைத் தாண்டியதும் போன் அடித்தது. ரூத்.

"மாமா, எங்க கீற? மசாலா அரைச்சி வெச்சி எவ்ளோ நேரம் ஆவுது!"

"இன்னாத்துக்கு மசாலா?"

"அது... சும்மா மாமா. கத்திரிக்காய்க்கு."

நான் கையில் இருந்த பாஸைப் பார்த்தேன்.

"ரூத்து, கோழியக் குடுக்க முடியாது."

"ஏன் மாமா?"

"ரிட்டர்னபிள். கம்பெனில எழுதிக் குடுத்துட்டாங்க. எப்ப வோணா கேப்பாங்க, திருப்பிக் காட்டணும்."

"கோழிக்கா?"

"ரூலுமா. நான் இன்னா பண்றது?"

ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். மேனேஜர் இறங்கியதும் வாசலில் போய் நின்று, நான் பூட்டைச் சரியாகத் திறக்கிறேனா என்று பார்த்தது. ஹிந்திப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். பொருள் ஒன்று குறைந்தது.

இப்போது வீட்டில் ஒரு தட்டு, ஒரு நாற்காலி, மூன்று சட்டை, ஒரு கோழி. பொழுது சாய்ந்ததும் கூடையைக் கவிழ்த்து மூடிவிடுகிறேன்.