தட்டிப் பார்த்த படகு

ஏழாம் எண் பலகை சரியாகச் சத்தம் கொடுக்கவில்லை.

டிக்கெட்காரர் அதைக் காதருகே பிடித்து விரல் முட்டியால் மறுபடி தட்டினார். மற்றப் பலகைகள் 'டங்' என்றன. இது 'டொப்' என்றது. முப்பத்தைந்து வருடம் படகுத்துறை டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து, காசைச் சுண்டிப் பார்த்தே வாங்கிய மனுஷன். சத்தத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"பாத்தியா, நம்ம தலையில கட்டிட்டான்," என்றார்.

மனைவி கூடத்து நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். தரை முழுக்க எண் போட்ட பலகைகள். பெட்டியில் வந்த பாய்மரப் படகு அது. இரண்டு பேர் உட்காரலாம், வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான்.

"இந்தப் புஸ்தகத்துல விவரம் இருக்குமேங்க."

"புஸ்தகம் அச்சடிச்சது யாரு? விக்கிறவன். அவன் பொருளை அவனே குறை சொல்லுவானா? குப்பையில போடு அதை."

"சரி," என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்லுவாள். ஊரிலே அவர் தட்டிப் பார்க்காமல் நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

அவர் எதையும் நம்பாததற்குக் காரணம் உண்டு. துறையில் ஓடுகிற படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை டிக்கெட் கிழித்தோம் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தவன் அதில் கால் வைப்பானா? அக்கரைக்குப் போகலாம் என்று மனைவி கேட்டபோதெல்லாம், "அதை நம்பி ஏறாதே" என்று தடுத்துவிட்டார். அவர் உட்கார்ந்த ஜன்னலோ வரிசையைப் பார்த்தது. தண்ணீர் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். சலசலப்பை மட்டும் கேட்டுக்கொண்டே வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

போன வாரம் துறைப் படகோட்டி அதைச் சொல்லிக் குத்தினான். "ஊரையே அக்கரைக்கு அனுப்பினீங்க. நீங்க மட்டும் இக்கரையிலயே வேர் விட்டுட்டீங்க."

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு, காலையில பத்து மணி," என்றார் இவர். "என் படகுல, என் பொண்டாட்டியோட அக்கரைக்குப் போறேன். கரையில நின்னு பாரு."

சொல்லிவிட்டார். ஊரே கேட்டுவிட்டது. இப்போது ஏழாம் பலகை 'டொப்' என்கிறது.

கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் தேனாகப் பேசினாள். "புதுசு அனுப்பிடுறோம் சார். பழசை நீங்க திருப்பி அனுப்ப வேண்டாம்."

போனை வைத்தவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. கேட்ட உடனே குடுக்கிறான்னா என்ன அர்த்தம்?"

"நல்லவங்கன்னு அர்த்தம்."

"மிச்சமும் மோசம்னு அர்த்தம்."

மூன்று வாரத்தில் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மாற்றி வாங்கினார். பலகைகள், பாய்மரம், சுக்கான், கயிறு, பாய், ஆணிப் பொட்டலம்கூட. வந்தவற்றைத் தட்டாமலே எடுத்துக்கொண்டார். சண்டை போட்டு வாங்கினது நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. பசையை மட்டும் மாற்றிக் கேட்கவில்லை. கம்பெனிப் பசையே வேண்டாமென்று கடைக்குப் போய், தானே மோந்து பார்த்து வேறு வாங்கினார்.

"பழசையெல்லாம் கீழ கொண்டு போய்த் தள்ளிடு," என்றார்.

"சரி."

தினமும் மத்தியானம் இரண்டு மூன்று பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குவாள். அப்படியே கீழ்த்தளத்துத் தையற்கடையில் தையல் பழகிவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவாள்.

"தினம் போறியே, என்னதான் தைக்கிறே?"

"பெரிசா ஒண்ணு. முடிஞ்சதும் காட்டுறேன்."

படகு வளர்ந்தது. மாலை வெயில் பலகைகளில் படும்போது கூடம் முழுக்கத் தேன் நிறமாகிவிடும். டிக்கெட்காரர் உள்ளே மல்லாந்து படுத்துக்கொள்வார். விட்டத்தில் அலை ஓடுகிற மாதிரி இருக்கும். எத்தனையோ வருடம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சலசலப்பு இப்போது காதுக்கு அடியிலேயே கேட்கும். சமயத்தில் அவளும் வந்து எதிரே உட்காருவாள்.

"அக்கரையில ஒத்தை மரம் ஒண்ணு தெரியுமே, அதுக்குப் பின்னால என்னங்க இருக்கு?"

"டிக்கெட் குடுத்ததோட சரி. போயிட்டு வந்தவனை ஒரு நாளும் கேக்கலையே."

கூடம் மெல்ல ஆடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. முதல் தடவையாக ஒரு சந்தேகம் அவருக்குப் பிடித்திருந்தது.

"இது வாசல் வழியாப் போகுமாங்க?" என்றாள் அவள்.

"வாசல் வழியாத்தானே வந்துச்சு? வந்தது போகாதா?"

சனிக்கிழமை பாய்மரத்தை நட்டார். அது மின்விசிறியில் இடித்தது. மின்விசிறியைக் கழற்றி வைத்தார். கூடம் வெந்தது. படகைச் சற்று நகர்த்திக் காற்றோட்டமாக வைக்கலாம் என்று தள்ளினார். அசையவில்லை. அவர் மோந்து பார்த்து வாங்கிய பசை அடியில் வழிந்து படகைத் தரையோடு ஒட்டிவிட்டிருந்தது.

"கம்பெனிப் பசை இப்படி வழியாது," என்றாள் அவள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சும்மா, ஒரு எண்ணம்தான்."

சோப்புத் தண்ணீரைக் கரைத்து அடியில் ஊற்றினார். ஒரு வாளி போதவில்லை. இரண்டு, மூன்று என்று ஊற்றினார். கடைசியில் 'பக்'கென்று பசை விட்டது. தரை முழுக்க நுரை. ஜெயித்த கையோடு பாயை ஏற்றி அழகு பார்த்தார்.

"அகலமான பக்கம் கீழ வரணும்," என்றாள் அவள்.

"தையல் பழகினா எல்லாம் தெரிஞ்சிடுமா? போய் ஜன்னலைத் திற, புழுங்குது."

"சரி," என்று இரண்டு ஜன்னல்களையும் திறந்தாள்.

சாயங்காலக் காற்று தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. தலைகீழாகத் தொங்கிய பாய் ஒருமுறை படபடத்து, மெல்ல உப்பியது. டிக்கெட்காரர் படகுக்குள் நின்றிருந்தார். படகு நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது. நுரையைக் கிழித்துக்கொண்டு, நாற்காலியைத் தாண்டி, அலமாரியைத் தாண்டி, அன்னம் போல மிதந்து போனது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுக்கானைப் பற்றினார். வாழ்க்கையில் அத்தனை அழகாக அவர் எங்கும் போனதில்லை.

படகு நேரே போய் வீட்டு வாசலில் முன்பாதி வெளியே, பின்பாதி உள்ளே என்று சொருகிக்கொண்டது.

இழுத்தார், தள்ளினார். நிலைக்கட்டையை அறுக்கப் போனவர் வாடகை வீடு என்று ஞாபகம் வந்து ரம்பத்தைக் கீழே வைத்தார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கும் அவர் படகுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார். துறையில் படகோட்டி காத்திருப்பான். பாதி ஊர் கூடியிருக்கும். மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, படகின் விளிம்பைத் தாண்டி மாடிப்படியில் இறங்கினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"கீழ வரைக்கும்."

"போ. நீயாவது போய் மனுஷங்க முகத்துல முழி," என்றார். "உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னேன். முடியலைம்மா. பலகையெல்லாம் தட்டினேன். வாசலைத் தட்டிப் பாக்கலை."

அவள் அவர் தோளில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். கையில் காய்ந்த பசை வாசம் அடித்தது. கூடத்தைப் பெருக்குகிறவள் கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கீழே தையற்கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. தெருவையே உள்ளே விடலாம் போன்ற அகல ஷட்டர். ஏதோ வண்டி உருண்டு போனது. அப்புறம் நிசப்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ தண்ணீர் சலசலத்தது.

பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழ்க்கடைத் தையற்காரர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். வாசலை அடைத்திருந்த படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க வேண்டாம்னு தள்ளின சாமானை வச்சு, அந்தப் புஸ்தகத்தைப் பாத்து, நம்ம கடையில அண்ணி ஒரு படகு கட்டினாங்கல்ல, அதைத் தண்ணியில இறக்கியாச்சு, இன்னொரு ஆளுக்கு இடம் இருக்காம், நம்பி ஏறுவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."